பாறுக்குக் காற்றுக் காட்டியவர்

எலியேசர் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் கடைசி இருக்கைக்குப் பின்னால் பச்சை மூட்டை ஒன்று கிடக்கும். பிள்ளைகள் அதன்மேல் சாய்ந்து தூங்குவார்கள். ஆழ்வார்குறிச்சியில் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். பாராசூட் என்பார்கள். பாராசூட் இல்லை, பாராகிளைடர் என்று ஆரம்பத்தில் இரண்டொரு தடவை அவர் திருத்திப் பார்த்தார். பாராசூட் கீழே இறங்குவதற்கு, இது மேலே போவதற்கு என்று விளக்கினார். கேட்டவர் தலையாட்டிவிட்டு, பாராசூட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. ஊர் ஜெபஞானபுரம், ஆழ்வார்குறிச்சியிலிருந்து நாலு கிலோமீட்டர். ஒரு பொத்தை, அதன் அடியில் நூற்றுச்சொச்சம் வீடுகள், ஒரு சர்ச், அவ்வளவுதான் ஊர். பொத்தை என்றால் மரமில்லாத பாறைக்குன்று. மேற்கே நிற்கும் பெரிய மலைக்கு முன்னால் அது ஒரு மலையே இல்லை.

அந்தப் பக்கத்துச் சபைகளில் வடக்கே ஊழியத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. எலியேசரும் இருபத்திரண்டு வயதில் போனார். மற்றவர்கள் ஊழியம் செய்தார்கள். அவர் அவர்களுக்கு ஜீப் ஓட்டினார். இமயமலை அடிவாரம். ஊழியக்காரர்களுக்கு வேலையில்லாத நாட்களில் வெள்ளைக்காரர்கள் ஜீப்பை வாடகைக்குப் பிடித்துத் துணிமூட்டைகளோடு மலையுச்சிக்குப் போவார்கள். இவர் ஏற்றிவிட்டு ஜீப்பில் இறங்கி வருவதற்குள் அவர்கள் பறந்து கீழே வந்து டீயும் குடித்து முடித்திருப்பார்கள். மூன்றாவது மாதம் ஒருவர், ஜீப்பை இங்கேயே விடு, என்னோடு இறங்கு என்றார். இறங்கினார். ஜீப்பை எடுக்க மறுபடியும் மலையேற நாலு மணி நேரம் ஆனது. ஏறின நேரம் முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறியதாகச் சொல்வார்.

பிறகு அவரும் பறக்கப் படித்துக்கொண்டு, நேபாளத்தில் ஓர் ஏரிக்கரை ஊரில் பதினோரு வருஷம் அதே வேலை. அங்கே ஒரு கம்பெனியில் பாறுகளைப் பழக்கி வைத்திருந்தார்கள். பாறு என்பது பிணந்தின்னிக் கழுகு. அதில் சின்ன ரகம் மஞ்சள்முகப் பாறு; வளர்ந்துவிட்டால் உடம்பு வெளுத்து, மூஞ்சி மட்டும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும். பறக்கிறவர் முன்னால் ஒரு பயணியைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஓடிக் கிளம்புவார். கூடவே பாறும் கிளம்பும். வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று எங்கே மேலே எழும்புகிறதோ அங்கே போய்ச் சிறகை அசைக்காமல் வட்டம் போடும். மனிதன் கண்ணுக்கு அந்தக் காற்று தெரியாது. பாறு சுற்றுகிற இடத்துக்குப் போய் நாமும் சுற்றினால் நம்மையும் தூக்கிவிடும். மேலே போனதும் விசில் ஊத வேண்டும். உறை மாட்டிய கையில் பயணி ஒரு துண்டுக் கறியை நீட்டுவார். பாறு பறந்தபடியே வந்து அந்தக் கையில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகும். பயணிகள் அழுவார்கள். எலியேசர் பார்த்த வரையில் பாதிப் பேர் அழுதார்கள்.

ஒரு மாசி மாதம், மத்தியானம், அறுபது வயது அம்மாள் ஒருத்தியை முன்னால் கட்டிக்கொண்டு மலைமுகட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். போயிருக்கக் கூடாது. மேகம் வந்து வெயிலை மூடியதும் காற்று செத்துப்போனது. இறங்க இடமில்லை, கீழே முழுக்கக் காடு. மரத்தில்தான் விழப்போகிறோம் என்று தெரிந்துவிட்டது. எந்த மரம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த பாறு இவர் பக்கம் திரும்பாமல் தனியாக இடதுபுறம் போயிற்று. வழக்கமாகப் போகாத பக்கம். யாரோ காட்டைக் கொளுத்தித் திருத்திய கருப்புக் கொல்லை ஒன்று அங்கே கிடந்தது. அதன்மேல் ஒரு வட்டம் போட்டது. இவர் விசில் ஊதவில்லை, பின்னாலேயே போனார். அங்கே காற்று தூக்கியது. முகட்டைத் தாண்டும்போது இவருடைய பூட்ஸ் மரநுனியில் உரசியது. முன்னால் இருந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. கைதட்டினார்.

இறங்கிய பிறகு பாறுக்கு இரண்டு பங்கு கறி வைத்தார். அது வழக்கமாகத் தின்பதைத் தின்றுவிட்டு மீதியை விட்டுவிட்டது. நன்றியை அதற்கு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கறி கூலி, நன்றி இல்லை. அடுத்த மாதம் பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் மூடியது. கம்பெனிக்காரர் பறவைகளை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எலியேசர் மூட்டையோடு ஊர் வந்து சேர்ந்தார்.

இனிப் பறப்பதில்லை என்று மனைவி கரோலினிடம் அவராகவே சொன்னார். கரோலின் உள்ளூர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. கணவர் எந்த மரத்தில் தொங்குகிறாரோ என்று பதினோரு வருஷம் தினமும் ஜெபம் பண்ணியவர். மூட்டையைப் பரணில் ஏற்றினார்கள். எலியேசர் வேன் ஓட்டப் போனார்.

நாலு வருஷம் போயிற்று. பொத்தைக்கு வடக்கே கல் உடைக்கிற இடத்தில் வெடி வைத்தபோது பாறையின் விளிம்பு ஒன்று சரிந்தது. அந்தப் பக்கம் ஆடு மேய்த்த முப்பிடாதி, கற்களுக்கு நடுவில் ஒரு குஞ்சைக் கண்டெடுத்தாள். உடம்பு முழுக்கப் பஞ்சு, கோழியளவு பருமன். பருந்துக் குஞ்சு என்று நினைத்து, கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தில் போட்டு மூடி, ஈரலை நறுக்கிப் போட்டு எட்டு நாள் வளர்த்தாள். ஒன்பதாம் நாள் அது பஞ்சாரத்தையும் இழுத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தது. அதற்குமேல் அவள் பொறுக்கவில்லை. வனத்துறைக்குச் சொல்லிவிட்டாள்.

வனத்துறைக்காக அதைப் பார்த்துக்கொண்டவர் கால்நடை டாக்டர் அய்மன். மேலப்பாளையத்துக்காரர், ஆழ்வார்குறிச்சியில் குடியிருந்தார். அவர் மகள் எலியேசரின் வேனில்தான் பள்ளிக்கூடம் போனாள். மகளை ஏற்றிவிடும்போது ஒருநாள் அய்மன் வேனின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அந்தக் குஞ்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அது பருந்தில்லை, மஞ்சள்முகப் பாறு. ஒன்பது மாதமாகிவிட்டது. சிறகு விரித்தால் அஞ்சடிக்கு மேல். பறக்கவும் செய்கிறது, ஆனால் கோழி பறக்கிற மாதிரி அடித்து அடித்துப் பறந்து, களைத்துப்போய் யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது உட்கார்ந்துவிடுகிறது. மேலே போகிற காற்றில் ஏறிக்கொண்டால் இறக்கையை அசைக்கவே வேண்டாம் என்பது அதற்குத் தெரியவில்லை. அதைத் தாய் தகப்பனோடு பறந்துதான் பழக வேண்டும். பாபநாசம் மலைப் பாறையில் பாறு ஜோடி ஒன்று இருக்கிறது. அது இதைச் சீந்தவில்லை.

ரேஞ்சர் மணிராஜ் ஒரு கெடு வைத்திருந்தார். அடுத்த மே மாதம் முடிந்தால் மேல்காற்று என்கிற மேற்கத்திப் பருவக்காற்று தொடங்கிவிடும். அதற்குள் அது தானாகப் பறக்க வேண்டும். தொடர்ந்து பத்து நாள் தீனிக்காக மனிதன் பக்கம் வராமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்னையில் மிருகக்காட்சிசாலைக் கூண்டு, ஆயுசுக்கும்.

வேனுக்குள் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். “அப்பம் அதுக்குக் காத்தக் காட்ட ஒரு ஆளு வேணும், அப்படித்தான டாக்டர்?” என்று எலியேசர் கேட்டார்.

“ஆளு எப்படி அண்ணாச்சி காத்துல போவான்?”

எலியேசர் வண்டியை எடுத்தார். சாயங்காலம் பரணிலிருந்து மூட்டையை இறக்கினார். எலி பதினோரு இடத்தில் கடித்திருந்தது. கரோலின் வந்து பார்த்துவிட்டு எதற்கு என்றார். அப்போதுதான் எலியேசர் அந்த மாசி மாதத்து மத்தியானத்தைச் சொன்னார். நாலு வருஷமாகச் சொல்லாதது.

“ஏன் அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா மூட்டைய எரிச்சிருப்ப.”

“இப்ப எரிக்க மாட்டேன்னு யாரு சொன்னா?” என்றார் கரோலின். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து, ஒட்டுத்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு பறவையால நீங்க வீடு வந்து சேந்திருக்கீய. அதுக்கு நானுந்தான் ஸ்தோத்திரம் சொல்லணும்.”

வனத்துறையில் அனுமதித் தாள் எல்லா மேஜைக்கும் போய்வர ஒரு மாதமானது. ஜனவரியில் தொடங்கினார்கள். பொத்தையடியில் பாறுக்கு ஒரு கூடு கட்டினார்கள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால், சாயங்காலம் அவர்களைக் கூட்டிவர மூன்றரை மணிக்குப் போனால் போதும். நடுவில் இருக்கிற நேரம் பறவையுடையது. மூட்டை அதற்குப் பிறகு வேனிலேயே கிடந்தது. பொத்தையின் கிழக்குச் சரிவில் துணியை விரித்து, ஓடிக் கிளம்புவார்.

முப்பிடாதி ஆடுகளோடு பாறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். “மீன்குஞ்சுக்கு நீச்சல் படிச்சிக் குடுக்குத ஆள இப்பத்தான் பாக்கேன்” என்றாள்.

“தாய்மீன் இல்லைல்லா.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்பம் நீங்கதான் தாயி.”

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. டீக்கடையில் இவர் தலையைக் கண்டதும், “பாறோட ஆத்தா வந்தாச்சு, சீனி தூக்கலா ஒரு டீ போடும்வே” என்றார்கள். வேனில் பிள்ளைகள் அந்தப் பறவையை எலியேசர் கோழி என்றார்கள். அவருக்கு எதிலும் வருத்தமில்லை. காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிற சுகம் நாலு வருஷம் கழித்துத் திரும்ப வந்திருந்தது.

நேபாளத்தில் பாறுகளைக் கூப்பிடத் தனி விசில் உண்டு. இங்கே அவரிடம் இருந்தது பந்தி விசில். ஜெபஞானபுரத்துச் சபையில் வருஷத்துக்கு ஒருநாள் அசனம். சபையார் எல்லோரும் சேர்ந்து கிடா வெட்டி, ஆக்கி, சாதி மதம் பார்க்காமல் வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துச் சோறு போடுகிற நாள். ஆயிரம் பேர் வருவார்கள். ஊர் திரும்பியதிலிருந்து எலியேசர்தான் பந்தித் தலைவர். அவர் மூன்று சிறு விசில் ஊதினால் பந்தி உட்கார வேண்டும். ஒரு நீள விசில் ஊதினால் எழுந்துவிட வேண்டும். அந்த விசில் வருஷம் முழுக்க வேன் சாவியோடு தொங்கும். கையில் இருப்பது அதுதானே என்று அதையே ஊதினார். மூன்று சிறு விசில், உறைக்கையில் ஒரு துண்டு ஆட்டுக்கறி. ஒரு வாரத்தில் பாறு பழகிக்கொண்டது.

மார்ச்சில் இருவரும் சேர்ந்து பறந்தார்கள். எங்கே காற்று மேலே போகிறது என்று எலியேசர் தேட வேண்டும். உழுது போட்ட செம்மண் காடு, அரிசி ஆலையின் தகரக் கூரை, செங்கல் சூளை. வைக்கோல் துரும்பு ஏறிப்போகிறதா, கருடன் எங்காவது சுற்றுகிறதா என்று பார்த்துப் போய்ச் சுற்றுவார். பாறு பக்கத்திலேயே சுற்றும். இன்னும் வெளுக்காத கருப்பு உடம்பு. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், காற்று அதன் சிறகு நுனிகளை விரல் விரலாகப் பிரிப்பது தெரியும். கீழே ஆறு வாழைக்காட்டுக்கு நடுவில் வளைந்து போகும். பேசுவதற்கு ஒன்றுமில்லாத நல்ல கூட்டாளியோடு நடந்துபோவது போலிருக்கும்.

ஒன்றைக் கவனித்தார். அவர் வட்டத்தை விட்டால் அதுவும் விட்டது. அவர் இறங்கினால் அதுவும் இறங்கியது. அது காற்றைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஏப்ரலில் கூட்டைத் திறந்தே போட்டார்கள். அது பொத்தை உச்சியில் தங்கியது. முதுகில் கட்டிய சின்னக் கருவி, அது இருக்கும் இடத்தை டாக்டரின் கைப்பேசியில் காட்டியது.

அசனம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. இருபத்திரண்டு கிடா. சர்ச்சுக்குப் பின்னால் அடுப்பு வெட்டி, விடிய விடிய ஆக்கி, சோற்றைப் பாய்களில் மலையாகக் குவித்திருந்தார்கள். ரேஞ்சர் மணிராஜையும் அழைத்திருந்தார்கள். முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு. குருவானவர் ஜெபித்து முடித்தார். ஆமென் என்ற சத்தம் அடங்கியதும் எலியேசர் விசிலை வாயில் வைத்து மூன்று தடவை ஊதினார்.

ஐந்து வருஷப் பழக்கம். வாயிலிருந்து விசிலை எடுத்தபோதுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. தலையைத் தூக்கிப் பொத்தையைப் பார்த்தார். அது கிளம்பிவிட்டிருந்தது.

பந்தலுக்கு மேலே ஒரு தடவை சுற்றி, இவரைத் தேடி, இவர் கையில் உறையைக் காணாமல், சோற்றுக் குவியலின்மேல் இறங்கியது. வெள்ளைச் சோறு, கருப்புப் பறவை. சபை மூப்பர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். “எலியேசரு, உம்ம ஆளு மொதப் பந்திக்கே வந்துட்டாம்வே. இலையப் போடும்.”

ஆயிரம் பேர் சிரித்தார்கள். எலியேசர் சிரிக்கவில்லை. அவர் மணிராஜைப் பார்த்தார். மணிராஜ் சோற்றில் கை வைத்தபடி பறவையைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “சாப்பிட்டுப் பேசுவோம் அண்ணாச்சி” என்றார். சொன்னபடியே முழுக்கச் சாப்பிட்டார். கத்தரிக்காய் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பாய்ச் சோறு மாடுகளுக்குப் போயிற்று.

கை கழுவிவிட்டு வேப்பமரத்தடியில் மணிராஜ் நிதானமாகத்தான் பேசினார். “விசிலடிச்சா மனுசங்கிட்ட வருது. நாளைக்கு இன்னொருத்தன் விசிலடிப்பான். ஒரு கையில விசில், ஒரு கையில கல்லு. அப்படி ஒருத்தன் இல்லாத ஊரு இருக்கா, சொல்லுங்க.”

எலியேசர் கையிலிருந்த விசிலைப் பார்த்தார்.

“கெடு மே முப்பத்தொண்ணுதான். மாத்தல. ஆனா இனிமே உங்க கையால ஒரு துண்டு குடுக்கப்படாது. கெடு முடிஞ்சும் அது மனுசங்கிட்ட வந்துச்சுன்னா கூண்டு வண்டி எடுத்துட்டு வருவேன்.”

விசிலை அங்கேயே மூப்பரிடம் கொடுத்துவிட்டு எலியேசர் வீட்டுக்குப் போனார்.

தீனி வைக்கிற பொறுப்பை முப்பிடாதி எடுத்துக்கொண்டாள். ஆள் தெரியாமல் விடியுமுன்னே பாறைமேல் போட்டுவிட்டு வந்துவிடுவாள். அவள் கிடையில் செத்த குட்டி ஒன்றையும் அதற்கே கொடுத்தாள். எலியேசர் வெறுங்கையோடு பறந்தார். பாறு வந்தது. பக்கத்தில் வந்து கையைப் பார்த்தது. சுற்றி மறுபக்கம் வந்து அந்தக் கையையும் பார்த்தது. கால் மணி நேரம் பார்த்துவிட்டு, சிறகை அடித்துக்கொண்டு பொத்தைக்குத் திரும்பியது. மறுநாளும் அதேதான். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாயிற்று. காலை மாலை இரண்டு வேளையும் பறந்தார். மே பதினெட்டு ஆனது. பத்து நாள் கணக்குக்கு, இருபதாம் தேதிக்குள் அது போயாக வேண்டும்.

அன்றைக்குச் சாப்பிடும்போது, தன்னால் ஆகாது என்றார். நேபாளத்துப் பறவை கேட்காமலே வழி காட்டியது. தனக்கு அதைத் திரும்பச் செய்யத் தெரியவில்லை, அதைப் பிச்சை எடுக்கத்தான் பழக்கியிருக்கிறோம் என்றார்.

கரோலின் கேட்டார்: “பறக்கையில நீங்க எதப் பாக்கிய?”

“அதத்தான். வருதா வருதான்னு.”

“எங் கிளாசுல சில பிள்ளைய கணக்குப் போடையில சிலேட்டப் பாக்காது. எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கும். சரியா எழுதுதோமா, டீச்சர் சிரிக்காவளான்னு. நான் திரும்பி சன்னல் பக்கம் நின்னுக்கிடுவேன். அப்பம் வேற வழியில்லாம சிலேட்டப் பாக்கும்.”

மே பத்தொன்பது. வெயில் உக்கிரமாக இருந்தது. மேற்கே மேல்காற்றுக்கு முன்வரும் புழுதி. எலியேசர் கிளம்பியதும் பாறு வழக்கம்போல் வந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை. வெறுங்கை, கண் தரையில். சூளைக்கு மேலே ஒரு சருகு ஏறிப்போவது தெரிந்தது. போய்ச் சுற்றினார். காற்று சின்னது, சோம்பலாகத் தூக்கியது. பக்கத்தில் ஒரு நிழல் அசைவது ஓரக்கண்ணில் பட்டது. பார்க்கவில்லை. கழுத்து வலித்தது. இருநூறு அடி ஏறியதும், இன்னும் பலமான இடம் இருக்குமா என்று வட்டத்தை விட்டுத் தெற்கே போனார்.

இல்லை. ஆற்றோரத்துக் குளிர்ந்த தோட்டங்களுக்கு மேலே காற்று அவரைக் கீழே போட்டது. சரிந்து வந்து சங்கிலிபூதத்தான் என்பவரின் வாழைத் தோட்டத்துக்குள் இறங்கினார். ஒரு மரம் முறிந்தது. துணியும் கயிறும் இலையும் சிக்கி மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் பாறு இல்லை. பொத்தைக்குப் போயிருக்கும் என்று நினைத்தபடி மேலே பார்த்தார்.

சூளைக்கு நேர் மேலே அது சுற்றிக்கொண்டிருந்தது. அவர் விட்டுவந்த வட்டத்தை அது விடவில்லை. சிறகு அசையவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் சிறுத்தது.

குலை வெட்டிக்கொண்டிருந்த சங்கிலிபூதத்தான் அரிவாளோடு வந்து நின்றார். “ஒரு மரம் போச்சு அண்ணாச்சி. போட்டும், குலை வெட்டுனதுதான். அடி கிடி பட்டிருக்கா? மேல என்னத்தப் பாத்துக்கிட்டுக் கிடக்கிய?”

“பைய பேசும்வே” என்றார் எலியேசர். அவ்வளவு உயரத்துக்கு எதுவும் கேட்காது என்று அவருக்கே தெரியும். சங்கிலிபூதத்தானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தார். ஈயளவுக்கு ஆகி, பிறகு மேற்கே நகர்ந்து, மலையின் நீலத்தில் தெரியாமல் போகும்வரை இருவரும் பார்த்தார்கள்.

அய்மன் தினமும் காலை ஆறு மணிக்குச் செய்தி அனுப்பினார். முதல் நாள் கடனா அணைப் பக்கம். மூன்றாம் நாள் பாபநாசம் பாறை. அந்த ஜோடிக்கு ஒரு பர்லாங் தள்ளி. ஐந்தாம் நாள் அதே இடத்தில் அரை பர்லாங். எலியேசர் மூட்டையைப் பிரிக்கவில்லை. பொத்தைப் பக்கமே போகவில்லை.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு முப்பிடாதி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அது திரும்ப வந்துவிட்டது; சர்ச் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

முற்றத்தில் நின்ற எலியேசர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஜன்னல் இல்லாத இடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். தன் உருவத்தை அது பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் இறங்கும். இறங்கினால் கூண்டு. கரோலின் ஜன்னலை ஒரு விரலளவு திறந்துவைத்து நின்றார்.

“போயிட்டா?”

“இல்ல. சிலுவைக்குக் கீழதான் இருக்கு.”

“என்ன செய்யுது?”

“நம்ம வீட்டத்தான் பாக்குது.”

எலியேசர் முழங்காலைக் கட்டிக்கொண்டார். வெளியே போய் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று உடம்பு துடித்தது. அது எப்படி இருக்கிறது, இளைத்திருக்கிறதா, கழுத்தில் வெள்ளை விழத் தொடங்கிவிட்டதா. அரைமணி நேரம் போயிற்று. தெருவில் யாரோ நடந்துபோனார்கள். கரோலின் சைகை காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பினார். டீக்கடைக்காரர்கள் கடையின் படுதாவை இறக்கி உள்ளே இருந்துகொண்டார்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. முப்பிடாதி ஆடுகளை ஒரு வீட்டுத் தொழுவில் அடைத்திருந்தாள். ஞாயிறு ஆராதனை நேரத்தில்கூட அந்த ஊர் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

“இறக்கைய விரிக்கிது” என்றார் கரோலின். முகத்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

“கரோலின்.”

“இருங்க. சர்ச்சுக் கூரைக்கு மேல சுத்துது. அடிக்கல. சும்மா விரிச்சிக்கிட்டே சுத்துது.” அவர் ஜன்னலை முழுக்கத் திறந்தார். “போயிருச்சு. மேலதான் போயிருச்சு.”

எலியேசர் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

கோபுரத்தில் உட்கார்ந்ததும் கணக்கில் சேருமா என்று அய்மன் கவலைப்பட்டார். தீனிக்காக மனிதன் பக்கம் வரக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது, சர்ச்சுக்கு வரக் கூடாது என்று எழுதவில்லை என்றார் மணிராஜ். பத்தாம் நாள் முடிந்ததும் கையெழுத்துப் போட்டார். கூண்டு வண்டி வரவில்லை. அந்த வாரமே மேல்காற்று அடிக்கத் தொடங்கியது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளைக் குருவானவர் ஒவ்வொன்றாக எடுத்து, மேலே எழுதியிருந்ததை வாசித்தார். மகளுக்கு நல்ல இடம் அமைந்ததற்காக ஒரு குடும்பம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக ஒருவர். அடுத்த உறையை எடுத்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஒருமுறை மனதுக்குள் வாசித்துப் பார்த்தார். பிறகு மற்றவற்றை வாசித்த அதே குரலில் வாசித்தார்.

“எலியேசர், கரோலின் குடும்பத்தார். பாறு திரும்பி வராததற்காக.”

சபை ஆமென் என்றது. குருவானவர் அடுத்த உறையை எடுத்தார். மெர்வின் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்திருந்தது.